காணாமல் போன ‘டிங்’

“என்ன காணோம்?” என்று கேட்டார் அண்ணி.

“எதுவும் காணாமப் போகலைங்க. ஒண்ணு வந்திருக்கு.”

“வந்திருக்கா?”

“ஆமா. இலவசமா.”

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன். எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு இதுவரை பதினொரு கேஸ் வந்திருக்கிறது. பதினொன்றிலும் ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தது. சைக்கிள், பூனை, வீட்டுப் பத்திரம், ஒரு கணவர். (கணவர் கிடைத்துவிட்டார். அவரை அழைத்துப் போகத்தான் யாரும் வரவில்லை.) வந்த பொருளைப் பற்றிப் புகார் கொடுக்கிற ஆளை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இடம், ஒரு காது பரிசோதனை நிலையம். நேரம், மதியம் ஒன்றரை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளை அந்தத் தெருவே ‘காதம்மா’ என்றுதான் கூப்பிடுகிறது. டாக்டர் என்று கூப்பிட்டால் கோபம் வந்துவிடும். “நான் டாக்டர் இல்ல, காது எவ்வளவு கேக்குதுன்னு அளந்து சொல்றவ” என்று திருத்துவார். ஐம்பது வயது, கசங்காத வெள்ளைக் கோட்டு. பேச்சையும் அளந்துதான் பேசுவார்.

என் அண்ணியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல விடமாட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கிற வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய வந்தவர். நான் அவருக்கு உதவியாளன். சம்பளம் உண்டு. மரியாதை பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

காதம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

‘புதிய பதிப்புக்கு இலவசமாக மாறச் சம்மதித்ததற்கு நன்றி. இன்று மாலை 4:00 மணிக்கு உங்கள் கணினி தானாகவே மாறத் தொடங்கும்.’

“ஆபரேட்டிங் சிஸ்டமாம். பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டுத் தர்றாங்களாம், காசே வேண்டாமாம். மூணு வாரமா இந்த ஜன்னல் வந்து வந்து கேக்குது. தினமும் மதியம் சாப்பிட்டு வந்தா திரையில நிக்கும். நான் வேண்டாம், வேண்டாம்னு அழுத்திக்கிட்டே இருக்கேன். ஆனா யாரோ சம்மதம்னு அழுத்தியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை! நான் ரத்து பண்றேன், திரும்பவும் யாரோ அழுத்தறாங்க.”

“இலவசம்தானே, வாங்கிப் போட்டுக்குங்களேன்” என்றேன். “எங்க அண்ணனா இருந்தா ரெண்டா கேப்பார்.”

“கொழுந்தனாரே” என்றார் அண்ணி. வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருக்கும் மரியாதையான வார்த்தை அது.

காதம்மா மேசைமேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். “காது சோதிக்கிற பெட்டி இதுதான். பதினாலு வயசு. இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. இந்தப் பழைய கம்ப்யூட்டர் கூடதான் இது ஒத்துப்போகும். புதுசு வந்து, பெட்டி படுத்துடுச்சுன்னா? இன்னைக்கு மூணு மணிக்கு ஒருத்தர் வர்றார்.”

“யார்?”

“பதினேழு.”

பதினேழாம் நம்பர் பஸ்ஸை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிற டிரைவர். பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பதினேழு என்றால் குழந்தைக்கும் தெரியும். காது நன்றாகக் கேட்கிறது என்று டிப்போவில் சான்று கேட்டிருக்கிறார்கள். மூன்று முறை சோதித்தும் காதம்மாவால் அதைக் கொடுக்க முடியவில்லை. இன்று கடைசி நாள். மாலை ஐந்துக்குள் படிவம் டிப்போவுக்குப் போகாவிட்டால் அவருக்கு ஸ்டியரிங் நிரந்தரமாகப் போய்விடும், மீதி வருடங்களுக்கு பஸ் கழுவுகிற ஷெட்தான்.

“காது மந்தமா?” என்று கேட்டேன்.

“அப்படின்னாகூட எழுதிடலாமே! சத்தமே இல்லாதப்ப, கேக்குதுன்னு அழுத்தறார். மூணு தடவையும். அப்ப என்ன அர்த்தம்? காது போயிடுச்சு, ஊகிச்சு ஊகிச்சு அழுத்தி என்னை ஏமாத்தப் பார்க்கறார். அறுபது பேரை ஏத்திட்டுப் போற ஆளு. நான் எப்படிக் கையெழுத்துப் போடறது, சொல்லுங்க?” அவர் குரல் இறங்கியது. “மனசு கேக்கலை. இன்னைக்குக் கடைசியா ஒரு வாய்ப்பு கொடுக்கறேன்னு வரச் சொல்லியிருக்கேன். அந்த நேரம் பார்த்து மெஷின் மாறி நின்னுட்டா, அதுவும் போச்சு.”

“முதல்ல ரத்து பண்ணுங்க” என்றார் அண்ணி. காதம்மா ரத்து செய்தார். “மூணு மணிக்குள்ள அந்த விரலைப் பிடிச்சுடலாம். சம்மதம் எப்ப எப்பக் கொடுத்திருக்காங்கன்னு அதுலயே போட்டிருக்குமே?”

போட்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காதம்மா சுவர் காலண்டரில் சிவப்பு மையால் குறித்தும் வைத்திருந்தார். மூன்றாம் தேதி மாலை 3:41. பத்தாம் தேதி காலை 11:38. நேற்று முன்தினம், பதினேழாம் தேதி, பகல் 12:44.

மூன்றும் பட்டப்பகல். திருட்டுக்கு இப்படி ஆபீஸ் நேரத்தில் வருகிற திருடனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

*

முன்னறையில் டெலிபோனும் வருகைப் புத்தகமுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதால் அவளுக்குப் பெயரே ‘ஹலோ’ ஆகிவிட்டது. அவள் தலைக்கு மேல் ஒரு பழைய கடிகாரம், மணி அடிக்கிற ரகம். காது சோதிக்கிற இடத்தில் இப்படி ஒரு கடிகாரமா என்று கேட்டேன்.

“மேடம் ரூம் கதவு கனம் சார். உள்ள ஒண்ணும் கேக்காது. அடி வாங்கறது நான் மட்டும்தான்.”

“அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவியா?” என்றார் அண்ணி.

“தொட்டா மேடம் கையை ஒடிச்சிடுவாங்க. எனக்கு எதுக்குங்க அந்தக் கிழம்? ஒரு கேம்கூட கிடையாது அதுல. ஹலோ? நாளைக்கு வாங்க. இன்னைக்கு மேடம் டென்ஷன்.”

அண்ணி வருகைப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் தேதி மாலை, பத்தாம் தேதி காலை, பதினேழாம் தேதி பகல். மூன்று இடத்திலும் விரல் ஒரே பெயரில் போய் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன்.

“பதினேழு!” என்றேன்.

“நான் சொல்லலை?” என்று வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

வந்தவர் காதம்மாவின் தம்பி. இரண்டு கடை தள்ளி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்தார். மனதுக்குள் அவருக்கு ‘ரிப்பேர்’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

“நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே” என்றார் அண்ணி.

“சொல்லணும்னு நினைச்சேன். அந்த டிரைவர் வந்த அன்னைக்கெல்லாம்தான் இது நடக்குது. மெஷின் படுத்துட்டா சோதனை கிடையாது, சோதனை இல்லைன்னா ஃபெயிலும் கிடையாது. கணக்கு சரியா வருதா?”

“உங்க கணக்கும் கொஞ்சம் வருது. அக்காவை மாறச் சொல்லி நச்சரிச்சது நீங்கதானாமே?”

ரிப்பேர் சிரித்தார். “நல்லதுக்குத்தாங்க சொன்னேன். உலகத்துக்கே கொடுக்கறாங்க, என் அக்காவுக்கு மட்டும் விஷமா? என் கடையில எட்டு மெஷினுக்கும் போட்டுட்டேன். டிங்குனு வரும், சம்மதம்னு ஒரு தட்டு, தட்டிட்டு டீ குடிச்சுட்டு வந்தா வேலை முடிஞ்சிருக்கும். ஆனா இங்க நான் கை வைக்கலை. பத்தாம் தேதி நான் ஊர்லயே இல்ல, சாமான் வாங்கப் போயிட்டேன். அக்காவைக் கேளுங்க.”

“அது நிஜம்தான்” என்றார் பின்னாலேயே வந்த காதம்மா. “ஆனா டிங்காவது, டொங்காவது! இங்க ஒரு சத்தமும் வராது. பேசாம வந்து நிக்கும்.”

அண்ணி கையிலிருந்த பேனா நின்றது. வீட்டில் அண்ணன் ‘ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு’ என்று சொல்லும்போதும் அப்படித்தான் அவர் கையில் இருக்கும் எதுவும் நின்றுவிடும்.

“பதினேழு சோதனைக்கு வந்தா எங்க உட்காருவார்?” என்று கேட்டார்.

காதம்மா எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அறையின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன அறை, அலமாரிக்கு அண்ணன் மாதிரி. அரை அடி கனத்தில் கதவு, சுவரெல்லாம் பஞ்சு, பேசுவதற்கில்லாமல் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கண்ணாடி. உள்ளே ஒரு நாற்காலி, மாட்டிக்கொள்ள ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். கதவை வெளியே இருந்துதான் திறக்க முடியும்.

“ஆக, எல்லாரையும்விட அதிகமா சந்தேகம் வர்ற ஆளு, எல்லாரையும்விட பத்திரமா பூட்டி வெச்சிருந்த ஆளு” என்றார் அண்ணி. “காதம்மா, நீங்க முதல்ல சொன்னது தப்பு. உங்க இடத்துலயும் ஒண்ணு காணாமப் போயிருக்கு.”

“என்னது?”

“டிங்.”

நான் ஒருவன்தான் கடமையைச் செய்தேன். “அங்க அடையாளம் ஏதாவது இருக்கா அண்ணி? உயரம், நிறம்?”

“அதே ஜன்னல் உங்க தம்பி கடையில டிங்குனு சத்தம் போட்டுட்டு வருது. இங்க மட்டும் ஊமையா வருது. அப்ப அந்த டிங் எங்க போச்சு?” அண்ணி என் பக்கம் திரும்பினார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அது எனக்கு நல்லதாக முடிந்ததே இல்லை. “கொழுந்தனாரே, உள்ள போய் உட்காருங்க. உங்க காதைச் சோதிக்கணும்னு உங்க அண்ணன் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கார்.”

திறந்திருந்த கதவு வழியாக முன்னறைக் கடிகாரம் இரண்டு அடிப்பது கேட்டது.

*

காதம்மா எனக்கு ஹெட்போன் மாட்டிவிட்டார், பட்டனைக் கையில் கொடுத்தார். ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வாக்கியத்தைச் சொன்னார்.

“எந்தச் சத்தம் கேட்டாலும், எவ்வளவு மெல்லிசா இருந்தாலும், உடனே ஒரு தடவை அழுத்துங்க.”

“அண்ணி, இது டிரைவருக்கு நடக்கற முழுச் சோதனைதானே?” என்று சந்தேகம் கேட்டேன்.

“முழுசா, அதேதான். அப்படித்தான் கேட்டிருக்கேன். காதைத் தீட்டிக்குங்க.”

கதவு மூடிக்கொண்டது. என் எச்சில் இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. வீட்டில் இப்படி ஓர் அறை இருந்தால் அண்ணன் வாடகைக்குக் கேட்பார் என்று தோன்றியது. பிறகு கீச்சென்று ஒன்று. அழுத்தினேன். பூம் என்று ஒன்று. அழுத்தினேன். சத்தம் போகப் போகச் சன்னமாயிற்று, நானும் விடவில்லை. பரீட்சையில் பாஸாகிற சுகத்தைப் பள்ளிக்கூடத்தைவிட்ட பிறகு அன்றுதான் அனுபவித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வழியாக ஒன்றைப் பார்த்தேன். காதம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியைச் சுற்றி, எனக்கும் கம்ப்யூட்டருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேனா என்று நினைத்தேன். அண்ணி மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கண் திரையில், ஒரு கண் கைக்கடிகாரத்தில்.

ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கால் மரத்துப்போயிற்று.

டிங்.

வலது காதில், ரொம்பச் சின்னதாக. விடுவேனா? அழுத்தினேன்.

கதவைத் திறந்த காதம்மாவின் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. “தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. கடைசி அஞ்சு நிமிஷம் நான் எந்தச் சத்தமும் அனுப்பலை. வண்டி ஓட்டறவங்களுக்கு மட்டும் நான் வெச்சிருக்கிற சோதனை அது. என் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு சுவரைப் பார்த்து உட்கார்ந்துடுவேன். அந்த நேரத்துல யார் அழுத்தறாங்களோ, அவங்க ஊகிக்கறாங்கன்னு அர்த்தம். நீங்க அழுத்தினீங்க. பெட்டியில விளக்கு எரியலைன்னாலும், உள்ள இருக்கற மைக் வழியா பட்டன் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.”

“கேட்டுச்சுங்க! டிங்குனு கேட்டுச்சு!”

“கேட்ட மாதிரி தோணியிருக்கும்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “என் காதுலயே பூ சுத்தறீங்களா? இந்தக் காதால கேட்டேன்!” கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லி, அதை ஒருவர் இல்லை என்று அனுதாபத்தோடு சொல்கிறபோது உள்ளே எவ்வளவு எரிகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

“கேட்டுச்சு” என்றார் அண்ணி. “வாங்க, எல்லாரும் இங்க வந்து பாருங்க. குற்றவாளியைக் கையும் களவுமா பிடிச்சாச்சு. என்ன பண்றது, நம்ம வீட்டு ஆளாப் போயிட்டார்.”

திரையில் எழுதியிருந்தது: ‘சம்மதித்ததற்கு நன்றி. இன்று மாலை 4:00 மணிக்கு…’

ரிப்பேரின் காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

“நான் கீபோர்டைத் தொடவே இல்லையே!” என்றேன்.

“தொட்டீங்க.” அண்ணி குனிந்து, என் கையிலிருந்த பட்டனின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அந்த ஒயர் சாம்பல் நிறப் பெட்டிக்குப் போகவில்லை. பெட்டியைத் தாண்டி, மேசையைச் சுற்றி, கம்ப்யூட்டரின் முதுகில் போய்ச் சொருகியிருந்தது. “இது யார் வேலை?”

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரிப்பேர் முகத்தில் ஈயாடவில்லை.

“பழைய பட்டன் போன வருஷம் உடைஞ்சுபோச்சு. அந்தக் கம்பெனியே இல்ல, எங்க போய் வாங்கறது? ஒரு பழைய கீபோர்டைப் பிரிச்சு, என்டர் கீயை மட்டும் எடுத்து இதுக்குள்ள வெச்சேன். அருமையா வேலை செய்யுதுன்னு அக்காவே சொன்னாங்க.”

“அருமையாத்தான் செய்யுது. உள்ள இருக்கறவர் அழுத்தினா, கம்ப்யூட்டருக்கு என்டர் தட்டின மாதிரி. சோதனைப் பக்கம் திறந்திருந்தா அது சோதனைக்குப் போகும். இந்த ஜன்னல் வந்து முன்னால நின்னா, அதுக்குப் போகும். பாருங்க, ‘சம்மதம்’னு கொட்டை எழுத்துல வெச்சிருக்கான், என்டர் தட்டினா அதுதான் விழும். ‘வேண்டாம்’ மூலையில எறும்பு சைஸ்ல இருக்கு. மூணு நிமிஷம் யாரும் மெஷினைத் தொடலைன்னா இந்த ஜன்னல் தலையை நீட்டுது. மதியம் சாப்பிடப் போனா வருதுன்னு நீங்களே சொன்னீங்க. மெஷினைத் தொடாம நீங்க உட்கார்ற இன்னொரு நேரம் எது?”

“மௌனச் சோதனை” என்றார் காதம்மா மெதுவாக.

“அப்ப உங்க முதுகுதான் இதுக்குத் தெரியும். இந்தக் கம்ப்யூட்டர் போடற சத்தம் எல்லாம் எங்க போகுது?”

“ஹெட்போனுக்கு. ஹெட்போனுக்கு மட்டும்தான்.”

“அதான் காணாமப் போன டிங். மூணு வாரமா அந்தக் கூண்டுக்குள்ள போய்ப் போய் அடிச்சிட்டிருக்கு. மத்த நேரம் உள்ள ஆள் இல்ல. ஆள் இருந்தப்ப, எந்தச் சத்தம் கேட்டாலும் அழுத்துங்கன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. அவர் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கார்.”

கடைசி வாக்கியம் என்னைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன். காதம்மா அப்படி நினைக்கவில்லை. எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். உள்ளே பதினேழின் மூன்று சோதனைத் தாள்கள். மூன்றின் அடியிலும் சிவப்பு மையில், ‘மௌனத்தில் அழுத்தினார். நம்பத்தக்கதல்ல’ என்று எழுதி, நேரமும் போட்டிருந்தது. 3:41. 11:38. 12:44.

நிமிர்ந்து சுவர் காலண்டரைப் பார்த்தார். அதே பேனா, அதே கையெழுத்து, அதே மூன்று நேரம். ஃபைல் அலமாரிக்கும் காலண்டருக்கும் நடுவே இரண்டடி இருக்கலாம். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

“பொய் சொல்றார்னு நினைச்சேனே” என்றார். “அவர் மூஞ்சியைப் பார்த்தே சொன்னேனே.”

கேலி செய்ய என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

*

இரண்டரை மணிக்குள் இரண்டு காரியம் நடந்தது. சம்மதத்தைக் காதம்மா ரத்து செய்தார். ரிப்பேர் தன் கண்டுபிடிப்பைத் தானே பிடுங்கி எடுத்தார்.

“இப்ப சொல்லுங்க” என்று காதம்மா அண்ணியைக் கேட்டார். “இந்த இலவசத்தை நம்பலாமா, கூடாதா?”

“கொடுக்கறேன்னு சொல்றது நிஜம்தான். அதுல மோசடி ஒண்ணும் இல்ல. ஆனா இன்ஷூரன்ஸ்ல நான் ஒண்ணு பார்த்திருக்கேன். ‘ஆமா’வைப் பெருசாவும் ‘இல்லை’யைச் சின்னதாவும் அச்சடிச்ச காகிதம் வந்தா, ராத்திரி வெச்சிருந்து காலையில படிக்கணும். அவசரம் அவங்களுக்கு, உங்களுக்கு இல்ல. பதினாலு வருஷ ஃபைல் எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வெளிய வையுங்க. உங்க தம்பி கடையில புதுசு போட்ட மெஷின் எட்டு இருக்கே, ஒண்ணுல இந்தப் பெட்டியை மாட்டிப் பார்க்கட்டும். ஒத்துப்போச்சுன்னா, ஒரு நாள் சாவகாசமா உட்கார்ந்து உங்க விரலால நீங்களே அழுத்துங்க.”

“நான் பார்த்துத் தர்றேன் அக்கா” என்றார் ரிப்பேர் அவசரமாக. “இலவசமா.”

“உன் இலவசத்தைத்தான் இப்ப நான் நம்பலை” என்றார் காதம்மா. அன்று அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே பதினேழு வந்துவிட்டார். வாட்டசாட்டமான ஆள். மூன்று வாரமாக வண்டி கொடுக்கவில்லை என்றாலும் யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூண்டின் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

“மேடம், ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தடவை சந்தேகமா இருந்தா அழுத்தவே மாட்டேன். போன தடவையெல்லாம் டிங்குனு ஒண்ணு கேட்டுச்சு. நீங்க இல்லைன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா? இல்லைதான்.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “இப்பல்லாம் வீட்ல ஸ்பூன் கீழ விழுந்தாக்கூட, நிஜமாவே விழுந்துச்சான்னு பொண்டாட்டியைக் கேட்டுக்கறேன். அவளும் சலிச்சுக்காம, ‘ஆமா, விழுந்துச்சு’ங்கறா.”

காதம்மாவின் வாய் திறந்தது. அண்ணி கண்ணாலேயே வேண்டாம் என்றார். இப்போது சொல்லிவிட்டால் சோதனை சோதனையாக இருக்காது.

“பட்டன் இன்னைக்குக் கிடையாதுங்க” என்றார் காதம்மா. “கேட்டா கையைத் தூக்குங்க. எந்தச் சத்தமா இருந்தாலும் சரி. நான் அனுப்பினதா, இல்லையான்னு நீங்க யோசிக்காதீங்க. கேட்டா தூக்குங்க.”

கதவு மூடியது. கீச்சொலிக்குக் கை உயர்ந்தது. பூமுக்கு உயர்ந்தது. நான் கோட்டைவிட்ட சன்னமான சத்தங்களுக்கும் உயர்ந்ததாகக் காதம்மாவின் தாள் சொன்னது. (நான் கோட்டைவிட்டவை மூன்று. அண்ணி அதை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார், அண்ணனிடம் காட்ட.)

பிறகு மௌனம். காதம்மா கையை எடுத்தார். பழக்கதோஷத்தில் நாற்காலியைச் சுற்றப் போனவர், பாதியில் நிறுத்தி, கண்ணாடியை நேராகப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம். இரண்டு. ஹலோகூட வாசலில் வந்து நின்றாள், முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல்.

மூன்றாவது நிமிடம் திரையில் ஜன்னல் எழும்பியது. எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினேழின் கை முழங்காலில் இருந்து எழும்பியது. மார்பு வரைக்கும் வந்து அப்படியே நின்றது. கீழே இறக்கவும் மனதில்லை, மேலே தூக்கவும் துணிவில்லை. காதம்மாவைப் பார்த்தார்.

காதம்மா தன் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். கூடவே அண்ணியும் தூக்கினார். ரிப்பேர் தூக்கினார். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

பதினேழின் கை மேலே போயிற்று.

கதவைத் திறந்து, ஜன்னலைக் காட்டி, எல்லாவற்றையும் காதம்மாவே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டபோது பதினேழு, “அட, விடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூலையிலிருந்த எறும்பு எழுத்தைத் தேடி, காதம்மா அந்த ஜன்னலுக்கு ‘வேண்டாம்’ சொன்னார்.

டிப்போ படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘சத்தமில்லாத நேரத்தில் சைகை காட்டினாரா? ஆம் / இல்லை.’ காதம்மா இரண்டையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். பிறகு பழைய மூன்று தாள்களையும் எடுத்து, ‘நம்பத்தக்கதல்ல’ என்பதை அடித்து, அங்கேயும் அதையே எழுதினார். நான் தோளுக்கு மேல் எட்டிப் படித்தேன்.

‘சத்தம் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.’

கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கிக்கொண்டு பதினேழு முன்னறைக்கு வந்தார். நாங்கள் வழியனுப்பக் கூடவே போனோம். அப்போது சுவர்க் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. நடந்துகொண்டிருந்தவர் நின்றார். முகம் ஹலோ பக்கம் திரும்பியது, ஏதோ கேட்க வாய் எடுத்தார். ஹலோவும் பதில் சொல்லத் தயாரானாள்.

அவர் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டார்.

“நாலு அடிச்சிடுச்சு” என்றார். “நான் வர்றேன்.”